மோர் இல்லாத முப்பது நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டு இதழ்களுக்கு முன்பு, சென்ற மார்கழியில் ஒரு மாதம் பால், தயிர், நெய் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாமல் இருந்து பார்த்ததாகப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள், ஆண்டு முழுவதும் சர்க்கரை நோய் பற்றி எழுதியதற்கு வந்தவற்றைவிட அதிகம். கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கறியையும் மீனையும் எப்படி விடுவது என்று கேட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தாம்; ஏனையோர் எல்லோரும் பாலையும் மோரையும் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் அசைவம் சமைப்பதில்லை. மாமியார் காலத்திலிருந்தே இப்படித்தான். ஆண்டுதோறும் ஒரு மாதம் தாவர உணவில் இருக்கும் எங்களுக்கு நீங்கள் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறீர்கள்?
(வாசகி, மதுரை)

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள குத்தலை ரசித்தேன். ஆனால் புரட்டாசியில் உங்கள் வீட்டுப் பால் கணக்கை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மீனும் கோழியும் நின்ற இடத்தில் பன்னீரும், தயிர்ப் பச்சடியும், நெய் ஊற்றிய பொங்கலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சனிக்கிழமைகளில் பாயசம் வேறு. நம் பேச்சில் 'சைவம்' என்றால் பால் சேர்ந்ததுதான். பாலையும் தேனையும்கூட விலக்கும் முறைக்கு 'வீகன்' என்ற சொல்லை 1944 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் உண்டாக்கினார்கள். தமிழில் அதை 'நனிசைவம்' என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது, ஆனால் உணவகத்தில் சொன்னால் சர்வருக்குப் புரியாது. ஆண்டின் முதல் மாதத்தில் மட்டும் இப்படி இருந்து பார்ப்பது என்ற வழக்கமும் 2014 ஜனவரியில் பிரிட்டனிலிருந்துதான் ஓர் இயக்கமாகக் கிளம்பியது.

இருந்தாலும் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒரு மாதம் நாக்கைக் கட்டிப்போடுவது, அதை வீடு முழுவதும் சேர்ந்து செய்வது, விருந்தாளி வந்தாலும் தளர்த்தாமல் இருப்பது ஆகிய மூன்றையும் நீங்கள் ஏற்கெனவே பழகியிருக்கிறீர்கள். அடுத்த புரட்டாசியில் பாலையும் சேர்த்து நிறுத்திப் பார்ப்பதாக இருந்தால், புதிதாகக் கற்க வேண்டியது மன உறுதியை அல்ல, சமையலைத்தான். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் உண்டு. பிரசாதத்தை மறுப்பதா, ஒரு துளி வாங்கிக்கொள்வதா என்பதை உங்கள் மாமியாரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்; அதற்குப் பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தவன், ஒரு மாதத்துக்குப் பால் பொருள் எதுவும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். காலையில் ஒரு டம்ளர், இரவில் ஒரு டம்ளர் பால் குடித்து வளர்ந்த பிள்ளை. மதியம் ஒரு கிண்ணம் தயிரும் உண்டு. எலும்பு என்ன ஆகும், புரதத்துக்கு என்ன செய்வான் என்று கவலையாக இருக்கிறது.
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: அம்மா, முதலில் அவர் எதை இழக்கிறார் என்று கணக்குப் போட்டுவிடுவோம், கவலைக்கு ஓர் அளவு கிடைக்கும். இரண்டு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் ஏறக்குறைய 17 அல்லது 18 கிராம் புரதத்தையும், 600 மில்லிகிராமுக்கு மேல் கால்சியத்தையும் தருகின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதமும், நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் பெரியவர்களுக்குத் தந்த பரிந்துரை. அறுபது கிலோ எடையுள்ள இளைஞருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கையும், கால்சியத்தில் பாதிக்கு மேலும் அவர் ஒரே நாளில் கைவிடுகிறார். அந்த இடத்தைச் சோற்றாலும் ஊறுகாயாலும் நிரப்பினால் உங்கள் கவலை நியாயமானதாகிவிடும்.

புரதத்தை ஈடுகட்டுவது எளிது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராமுக்கு மேல் இருக்கிறது. மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் இன்னொரு 6 கிராம் தரும். சோயா உருண்டையை உலர்ந்த நிலையில் 25 கிராம் எடுத்து ஊறவைத்துக் குழம்பில் போட்டால் அது மட்டுமே 12, 13 கிராம். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது என்பதால், இட்லி, அடை, பருப்புச் சோறு ஆகியவை ஏற்கெனவே சரியான சேர்க்கைகள். ஆனால் நம் வீடுகளில் பருப்பு போடும் அளவுதான் சிக்கல். நான்கு பேருக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பைப் போட்டு, அதைச் சாம்பாராக நீட்டி, அதன் தெளிவில் ரசமும் வைத்துவிட்டுப் 'பருப்பு சாப்பிடுகிறோமே' என்று சொல்வது நம் வழக்கம். மகன் இருக்கும் நாள்களிலாவது ஆளுக்கு ஒரு கைப்பிடி என்று அளந்து போடுங்கள். பருப்பு உருண்டைக் குழம்பு, மொச்சைக் குழம்பு, கொள்ளுத் துவையல், பச்சைப்பயறு தோசை என்று பருப்பே முன்னால் நிற்கும் பண்டங்களைச் செய்யுங்கள்.

கால்சியத்துக்குத்தான் சற்றுக் கவனம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் இருப்பது 120 தான். எள்ளில் 1,000 மில்லிகிராமைத் தாண்டுகிறது. இந்த எண்களைக் காட்டிக் 'கேழ்வரகு பாலைவிட மூன்று மடங்கு சிறந்தது' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், ஏனென்றால் தானியத்தில் உள்ள ஃபைட்டேட்டும் கீரையில் உள்ள ஆக்சலேட்டும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குக் குறைவாகவே விடுகின்றன. பாலில் அந்தத் தடை இல்லை. பாலக்கீரை இதில் மிக மோசம். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் இந்தக் கணக்கில் நம் பக்கத்து நண்பர்கள். ஏகாதசி விரதம் இருந்தவர்களுக்குத் துவாதசியன்று அகத்திக்கீரை சமைத்துப்போட்ட பாட்டிமார்கள் கால்சியத்தை எண்ணிச் செய்யவில்லை என்றாலும் தேர்வு நல்ல தேர்வுதான். கேழ்வரகு மாவை அப்படியே கரைத்துக் காய்ச்சுவதைவிட, முளைகட்டி அரைத்தோ இரவில் புளிக்கவைத்தோ கூழாக்கினால் ஃபைட்டேட் குறையும். காலையில் கேழ்வரகு தோசையும் எள்ளுப் பொடியும், வாரத்தில் நான்கு நாள் முருங்கைக்கீரை என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் எலும்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. மாதத்துக்குப் பிறகும் தொடர்வதாக அவர் சொன்னால், கால்சியம் சேர்க்கப்பட்ட சோயாப் பாலையும், கால்சியம் உப்பால் திரிக்கப்பட்ட டோஃபு என்ற சோயாப் பன்னீரையும் வாங்கச் சொல்லுங்கள். பெட்டியில் வரும் பாலைக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும்.

கேள்வி: எல்லாம் சரி, சாப்பாட்டை முடிக்கும்போது மோர் ஊற்றிப் பிசைந்து நாலு கவளம் உண்ணாவிட்டால் என் கணவருக்குச் சாப்பிட்ட திருப்தியே வருவதில்லை. தாவரத் தயிர் என்று ஒன்று இருக்கிறதாமே, வீட்டில் செய்ய முடியுமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: என் மார்கழி மாதம் ஏழாம் நாளில் இந்த இடத்தில்தான் முட்டி நின்றது. காபியை விட்டுவிட முடிந்தது, நெய்யை மறந்துவிட முடிந்தது. ரசம் சோற்றுக்குப் பிறகு கை தானாக மோர்ச் சட்டியைத் தேடியது. ஆகவே இந்தப் பதில் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்வதற்கு நிலக்கடலைத் தயிர்தான் விலைக்கும் சுவைக்கும் கட்டுப்படியானது. நூறு கிராம் பச்சை நிலக்கடலையை இரவில் ஊறவையுங்கள். ஊறவைப்பதற்கு முன்பு முறத்தில் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது ஆகியவற்றை ஒன்று விடாமல் பொறுக்கி எறியுங்கள். பூசணம் பிடித்த கடலை உடம்புக்கும் ஆகாது. ஒரே ஒரு காறல் கடலை முழுப் பாலையும் கசப்பாக்கிவிடும் என்பதை முதல் முறை நான் பாத்திரத்தோடு கொட்டித்தான் தெரிந்துகொண்டேன். காலையில் ஊறிய கடலையைத் தண்ணீருக்குள் வைத்தே கசக்கினால் தோல் மிதந்து வரும், அதை வடித்துவிடுங்கள். பிறகு 600 மில்லிலிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு மிக்சியில் விழுதாக அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் பிழிந்தெடுங்கள். சக்கையை வீணாக்க வேண்டாம். அடை மாவில் கலந்துவிடலாம்.

இந்தப் பாலைக் காய்ச்சும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது. மாட்டுப்பாலைவிடச் சீக்கிரம் அடிப்பிடிக்கும், பொங்கினால் நுரையாகப் பொங்கும். கரண்டியால் துழாவிக்கொண்டே பத்து நிமிடம் காய்ச்சினால் பச்சை வாடை போய்விடும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உறை ஊற்ற வேண்டும். உறைக்குத் தயிர் கிடையாது அல்லவா? அங்கேதான் பச்சை மிளகாய்க் காம்பு வருகிறது. ஆறேழு மிளகாயின் காம்பை, தலையில் உள்ள பச்சைத் தொப்பியோடு கிள்ளி, காரம் கலந்துவிடாதபடி மிளகாயைத் தவிர்த்துக் காம்பை மட்டும் பாலில் மூழ்கவிடுங்கள். காம்பில் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள் பாலைப் புளிக்கவைக்கும். வெதுவெதுப்பான மூலையில் எட்டு முதல் பத்து மணி நேரம் வைத்தால், மேலே ஓர் ஆடையும் கீழே தளர்ந்த தயிருமாக நிற்கும். முதல் நாள் தயிர் மெலிந்துதான் இருக்கும். அதில் இரண்டு கரண்டி எடுத்து மறுநாள் உறை ஊற்றினால் நன்றாகக் கட்டிக்கொள்ளும். கெட்டியாக வேண்டுமானால் கடலையோடு பத்து முந்திரிப் பருப்பைச் சேர்த்து அரையுங்கள்.

சுவையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெறும் தயிராக உண்டால் கடலை வாடை தெரியும், உங்கள் கணவர் முகம் சுளிப்பார். நீர் விட்டுக் கரைத்து, உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம் சேர்த்து மோராக்கினால் பாதிப் பேருக்கு வேறுபாடு தெரியாது. மோர்க்குழம்பில் எனக்கே தெரியவில்லை. இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: இந்தத் தயிர் புளிப்பையும் ஓரளவு புரதத்தையும் தரும், மாட்டுத் தயிரின் கால்சியத்தையும் பி12 வைட்டமினையும் தராது.

தயிரே வேண்டாம், வேறு வகையில் திருப்தி வந்தால் போதும் என்றால் திருநெல்வேலிக்காரர்களின் சொதியைக் கடன் வாங்குங்கள். மறுவீட்டு விருந்தில் பரிமாறப்படும் அந்தக் குழம்பில் பாசிப்பருப்பும் காய்களும் மூன்றாம், இரண்டாம் தேங்காய்ப் பாலில் வேகின்றன. முதல் பால் கடைசியில், அடுப்பை அணைக்கும் நேரத்தில்தான் சேர்கிறது, கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு உண்டால் மோரின் நினைப்பு அன்றைக்கு வராது. நாள்தோறும் மட்டும் செய்யாதீர்கள். தேங்காய்ப் பாலில் புரதமும் கால்சியமும் சொற்பம், செறிவுற்ற கொழுப்பு மிகுதி. பாலுக்கு மாற்று என்று அதை டம்ளர் டம்ளராகக் குடிப்பது பெயரை மட்டும் பார்த்து ஏமாறுவதாகும்.

கேள்வி: டிகாக்ஷனில் சோயாப் பால் ஊற்றினால் திரிந்து போகிறது. என்ன செய்வது?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: டிகாக்ஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தைத் திரித்துவிடுகின்றன. பாலைத் தனியாகச் சூடாக்கிக்கொண்டு, சற்று ஆறிய டிகாக்ஷனை அதில் மெல்ல விட்டுக் கலக்குங்கள். டிகாக்ஷன் மேல் பாலை ஊற்றாதீர்கள். முந்திரிப் பால் இந்த வம்பைப் பெரும்பாலும் செய்வதில்லை. நான் இரண்டையும் விட்டுவிட்டுக் கருப்பட்டி போட்ட கறுப்புக் காபிக்கு மாறிக்கொண்டேன். கும்பகோணத்துக்காரரிடம் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: வயது 58. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். தாவர உணவுக்கு மாறினால் சர்க்கரை கட்டுப்படும் என்று நண்பர் சொல்கிறார். பி12 வைட்டமின் பழைய சோற்றிலேயே கிடைக்கிறது, மாத்திரை வேண்டாம் என்றும் சொல்கிறார்.
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நண்பரின் முதல் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது, இரண்டாவது கூற்று உங்களுக்கு ஆபத்தானது. அதையே முதலில் பார்ப்போம்.

பி12 வைட்டமினைத் தாவரங்கள் உண்டாக்குவதில்லை, விலங்குகளும் உண்டாக்குவதில்லை. நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன, விலங்குகளின் உடலில் அது சேர்கிறது. பழைய சோறு, இட்லி மாவு, கடல்பாசி, சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை ஆகியவற்றைப் பி12 க்கு நம்பக் கூடாது. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலத் தோற்றமளித்து உடம்பில் வேலை செய்யாத போலி வடிவம். கல்லீரலில் உள்ள சேமிப்பு, நலமாக இருப்பவருக்குச் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்பதால், ஒரு மாதம் மட்டும் பாலை விடும் இளைஞருக்கு இது பெரிய சிக்கல் இல்லை. உங்கள் நிலை வேறு. நீண்ட காலம் மெட்ஃபார்மின் உண்பவர்களுக்குக் குடல் பி12 ஐ உறிஞ்சுவது குறைகிறது. ஆகவே உங்கள் சேமிப்பு ஏற்கெனவே காலியாகிக்கொண்டிருக்கலாம். பாதம் மரத்துப்போவதும் எரிவதும் சர்க்கரையாலும் வரும், பி12 குறைவாலும் வரும்; இரண்டாவதைச் சர்க்கரை என்றே நினைத்து விட்டுவிட்டால் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடும். எனவே தொடங்குவதற்கு முன்பே இரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள், குறைவாக இருந்தால் மருத்துவர் தரும் மாத்திரையையோ ஊசியையோ தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அவை நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படுபவைதாம், விரதம் கெடாது.

இனிச் சர்க்கரைக்கு வருவோம். பருப்பு, பயறு, காய் ஆகியவற்றின் நார்ச்சத்தால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையக்கூடும் என்பது உண்மை. நடைமுறையில் நான் பார்ப்பது வேறு. முட்டையையும் மீனையும் தயிரையும் விலக்கியவர்கள், தட்டில் காலியான இடத்தை இன்னொரு கரண்டிச் சோற்றாலும், உருளைக்கிழங்குப் பொரியலாலும், 'தாவரம்தானே' என்ற துணிவில் வாழைப்பழத்தாலும் நிரப்பிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் சர்க்கரை ஏறும். உங்கள் தட்டிலிருந்து விலக்கிய மீன் துண்டின் இடத்தில் சுண்டலோ டோஃபுவோ இருக்கிறதா என்று ஒவ்வொரு வேளையும் பாருங்கள். அதே சமயம், மெட்ஃபார்மினோடு சர்க்கரையை இறக்கும் வேறு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், மாவுச்சத்தைச் சட்டென்று குறைக்கும்போது சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். மருந்தின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் பிற மருந்து உண்பவர்களுக்கும் இரண்டு வரி. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதற்கும் சோயாவுக்கும், அதற்கும் கால்சியம் மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேரம் விடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எதையும் தொடங்க வேண்டாம்.

கேள்வி: ஒரே மாதத்தில் இரத்தப் பரிசோதனையில் ஏதாவது தெரியுமா? தெரியாது என்றால் எதற்கு இந்தப் பாடு?
(வாசகர், சென்னை)

பதில்: ஒன்று தெரியக்கூடும், ஒன்று தெரியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 ஜோடி ஒத்த இரட்டையர்களை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கு முழுத் தாவர உணவும் மற்றவருக்கு இறைச்சியும் சேர்ந்த நல்ல உணவும் எட்டு வாரங்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023 இல் வெளியானது. தாவர உணவு உண்டவர்களுக்கு எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது. அந்த இறக்கம் முதல் நான்கு வாரங்களிலேயே பெரும்பாலும் நிகழ்ந்துவிட்டது. ஆகவே உங்கள் எல்.டி.எல். எண்ணில் ஒரு மாதத்தில் மாற்றம் தெரிய வாய்ப்புண்டு. ஆனால் அவர்கள் தேங்காய்ப் பாலிலும் எண்ணெயில் பொரித்த பஜ்ஜியிலும் அந்த மாதத்தை ஓட்டவில்லை என்பதை நினைவில் வையுங்கள். பஜ்ஜியும் முழுத் தாவர உணவுதான். கடலை மாவு, வாழைக்காய், எண்ணெய், வேறென்ன?

தெரியாதது பி12. மாதக் கடைசியில் அளவு சரியாக இருப்பதைப் பார்த்து 'எனக்கு மாத்திரை தேவையில்லை' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழைய சேமிப்பைத்தான் அந்த எண் காட்டுகிறது.

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கிறேன். சமைக்க வசதி இல்லை. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் வாங்கலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: பச்சைப் புள்ளி சைவத்துக்கான குறி, பாலும் அதற்குள் அடக்கம். நனிசைவத்துக்கென்று 2022 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தனிக் குறி உண்டு: பச்சைக் கட்டத்துக்குள் ஆங்கில 'வி' எழுத்தும் அதன் மேல் சிறு இலையும் இருக்கும். அந்தக் குறி இல்லாத பொருள்களில், உட்பொருள் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை எச்சரிக்கையாகப் 'பால் உள்ளது' என்று அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் பால் பொடி, வே, கேசீன் என்று வெவ்வேறு பெயர்களில் பால் ஒளிந்திருக்கும். உணவகத்தில் கேட்டு வாங்குவது இன்னும் கடினம். ஓர் ஊரில், நெய் இல்லாமல் பொங்கல் கொடுங்கள் என்று கேட்டேன். பரிமாறியவர் மேலே ஊற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பதற்கு நான் என்ன செய்ய முடியும் சார் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். இட்லி, எண்ணெய் விட்ட தோசை, இடியாப்பம், சாம்பார், தேங்காய்ச் சட்னி ஆகியவற்றோடு நில்லுங்கள். தேங்காய்ச் சட்னியில் தயிர் சேர்க்கும் கடைகளும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுதி அறையிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. பச்சைப்பயறை ஈரத்துணியில் முளைகட்டலாம், வறுத்த கடலையும் எள்ளுருண்டையும் வாங்கி வைக்கலாம். உங்கள் வயதுப் பெண்களுக்கு இரும்புச் சத்தும் நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது பரிந்துரை. தாவரத்திலுள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்காது. முளைப்பயறின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தாலோ கூடவே ஒரு நெல்லிக்காய் கடித்தாலோ ஏற்பது கூடும், உண்டவுடன் டீ குடித்தால் குறையும். உணவுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

கேள்வி: நாங்கள் இரண்டு கறவை மாடு வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறோம். எல்லோரையும் பால் குடிக்காதே என்று எழுதினால் எங்கள் வயிறு என்ன ஆவது?
(வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பால் குடிக்காதீர்கள் என்று நான் யாருக்கும் எழுதவில்லை. ஒரு மாதம் விட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் விடுவது எப்படி என்றுதான் எழுதுகிறேன். சிலர் உடல்நலத்துக்காக விடுகிறார்கள், சிலருக்குப் பால் செரிப்பதில்லை, சிலருக்குக் கன்றுக்கான பாலை எடுப்பது மனதுக்கு ஒப்பவில்லை. மூன்றாமவர்களை நகரத்துப் பிள்ளைகளின் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. கல்கத்தாவில் கடைசிச் சொட்டுவரை கறப்பதற்காகப் பசுக்களைப் படுத்தியவிதத்தை அறிந்த காந்தியடிகள், 1912 இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலையே விட்டார். 1918 இல் கண்ட கடும் வயிற்றுப்போக்கால் நலிந்து, உடல் தேறாமல் கிடந்தபோது, உங்கள் நேர்ச்சை பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும்தானே என்று கஸ்தூர்பா வழி காட்ட, ஆட்டுப்பாலுக்கு இணங்கினார். அந்த இணக்கம் கடைசிவரை அவரை உறுத்தியது. இரண்டு மாட்டைப் பிள்ளைபோல வளர்க்கும் உங்களிடம் இதைச் சொல்லக் காரணம், கேள்வி பழையது என்பதும், அதைக் கேட்டவர்கள் மாட்டை நேசித்தவர்களும்கூட என்பதும்தான். உங்கள் பகுதியில் நிலக்கடலையும் விளைகிறது. இந்தக் கூட்டம் பெருகினால் அவர்களுக்கு நீங்களே கடலை விற்கலாம்.

கேள்வி: எட்டு மாதக் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன். நானும் ஒரு மாதம் இருந்து பார்க்கலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: இப்போது வேண்டாம். தாய்க்குப் பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும், குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். மருத்துவர் மேற்பார்வையில், மாத்திரைகளோடு முறையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். சோதனைக்காக ஒரு மாதம் என்பது அதற்குரிய காரணம் ஆகாது. கருவுற்றிருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, அலுவலகத்தில் உட்கார முடியவில்லை.
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: பயறை ஒரேயடியாகக் கூட்டியிருப்பீர்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்களுக்குப் புதிய தீனி பழக இரண்டு வாரம்வரை ஆகலாம். பயறு எதையும் எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் நன்கு குழைய வேகவையுங்கள். கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் வேண்டாம், பாசிப்பருப்பிலும் பச்சைப்பயறிலும் தொடங்குங்கள். பெருங்காயம், சுக்கு, பூண்டு ஆகியவற்றை நம் சமையலில் பருப்போடு சேர்ப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தண்ணீரைக் கூட்டுங்கள். மீன் உண்டு பழகிய ஊர்க்காரர் என்பதால் இன்னொன்று: மீனில் கிடைத்த ஒமேகா கொழுப்புக்கு ஈடாகத் தினம் ஒரு கரண்டி ஆளி விதையைப் பொடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும், முழு ஈடு அது ஆகாது என்றாலும் ஒரு மாதத்துக்குப் போதும். உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும். இயற்கைக்குத் திரும்புகிறோம் என்று இதே மாதத்தில் இந்துப்புக்கும் மாறி, கடல் மீனையும் நிறுத்தி, பாலையும் விட்டால் அயோடின் வரும் வழி எல்லாம் ஒருசேர அடைபட்டுவிடும்.

கேள்வி: முப்பத்தொன்றாம் நாள் காலையில் எழுந்ததும் பால் காபி குடிக்கலாமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: குடிக்கலாம், அரை டம்ளரில் தொடங்குங்கள். நம்மில் பலருக்கு வயது ஏற ஏறப் பாலிலுள்ள லாக்டோசைச் செரிக்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. நாள்தோறும் குடித்தபோது தெரியாமலிருந்த உப்புசம், ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு பளிச்சென்று தெரியக்கூடும். அப்படி ஏதும் நேர்ந்தால் குறித்துவைத்துக்கொண்டு, பாலுக்கு முன்பு மோரைக் குடித்துப் பாருங்கள், புளித்ததில் லாக்டோஸ் குறைவு. எனக்கு உப்புசம் எதுவும் வரவில்லை. ஆனால் முப்பத்தொன்றாம் நாள் ஆவலோடு ஆற்றிய காபியில் முதல் முறையாக மாட்டுவாடை அடித்தது, பாதிக்கு மேல் இறங்கவில்லை. மோர் மட்டும் அன்று மதியமே வீட்டுக்குத் திரும்பிவிட்டது.